முப்பத்தோராவது முட்டை

கரட்டூர்க் கோழிகள் கடிதம் போடத் தொடங்கிய வருஷத்தில் மழை வழக்கமான அளவுக்குத்தான் பெய்தது, பங்குனித் தேர் வழக்கமான சந்தில்தான் சிக்கிக்கொண்டது, முட்டை விலை வழக்கம்போல வாரத் தொடக்கத்தில் ஏறி வாரக் கடைசியில் இறங்கியது. வேறு எந்த அறிகுறியும் யாருக்கும் தென்படவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்த சம்பூரணம், மூடிப்போன நூற்பாலை ஒன்றின் அலுவலகத்திலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, அதை ஆட்டோவில் கைக்குழந்தைபோல மடியில் வைத்துக் கொண்டுவந்தாள், அவ்வளவுதான்.

சேலத்திலிருந்து வந்த மெக்கானிக் அதைப் பொருத்திவிட்டு, பக்கத்தில் சிவப்பு விளக்கு மினுக்கும் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, டெலிபோன் வயரைக் கொண்டுபோய் அதில் சொருகினான்.

"பேக்ஸ் மிசினு தனியா வாங்க வேண்டியதில்லைங்கக்கா. இதுக்குள்ளயே இருக்குது. லெட்டரை அடிங்க, பிரிண்டுன்னு குடுங்க, எந்த பிரிண்டருன்னு கேக்கும், பேக்ஸுன்னு சொல்லுங்க. நம்பரைக் கேக்கும், போடுங்க. வயர்லயே போயிரும்."

"பேப்பரை எங்க வெக்கறது?"

"பேப்பரே வேண்டாங்க."

"பேப்பர் இல்லாம எப்படிப்பா லெட்டர் போகும்?"

"அந்தப் பக்கம் பேப்பர் இருந்தாப் போதுங்க," என்றான் மெக்கானிக். அவன் சொன்னதில் முக்கால்வாசி உண்மை.

சம்பூரணத்துக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது, தனி ஆள். இருபது வருஷமாக அவள் அடித்த மனுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கரட்டூர்க் கரட்டுக் குன்றை விட உயரமாக வரும் என்று ஊரில் ஒரு கணக்கு உண்டு. பட்டா மாறுதல், கறவை மாட்டுக் கடன், குழாய் இணைப்பு, பக்கத்துத் தோட்டத்துக்காரன் வரப்பை வெட்டியது, எல்லாமே அவள் விரல் வழியாகத்தான் அரசாங்கத்துக்குப் போயின. தாள் எதுவானாலும் முதலில் 'அனுப்புநர்' என்று அடிப்பாள், அதற்குக் கீழே 'பெறுநர்' என்று அடிப்பாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் வரிசை மாறாது.

அந்த வரிசையால்தான் எல்லாம் வந்தது. ஊருக்கு வடக்கே நாலாயிரம் கோழி வைத்துப் பண்ணை நடத்திய பொங்கியண்ணன், பாலக்காட்டு முட்டை வியாபாரிக்கு அவசரமாக ஒரு கடிதம் அனுப்ப வந்தார். சம்பூரணம் கடிதத்தை அடித்து முடித்தாள், பிரிண்டு என்று கொடுத்தாள், பேக்ஸ் என்று சொன்னாள், நம்பருக்கு ஒரு கட்டம் திறந்தது. முதல் கட்டம் என்றால் அனுப்புநர் கட்டம்தானே என்று பொங்கியண்ணன் வீட்டு நம்பரைப் போட்டாள். பெறுநருக்கான கட்டத்தைத் தேடினாள், காணவில்லை, இவ்வளவு படித்த பெட்டிக்குப் பாலக்காடு தெரியாமலா இருக்கும் என்று பொத்தானை அமுக்கிவிட்டாள்.

பண்ணை வீட்டில் கறுப்பு டெலிபோன் அடித்தது. பொங்கியண்ணனின் மனைவி இறந்து ஏழு வருஷமாக அவருடைய வீட்டை நடத்திவந்த அக்கா மாராயி எடுத்துக் காதில் வைத்தாள். கீச்சென்று ஒரு கூச்சல் காதைத் துளைத்தது. "எந்த எடுபட்டவனோ சேவக் கழுத்தத் திருகறான்," என்று திட்டிவிட்டு ரிசீவரைத் திரும்பப் போட்டாள். அங்கே இருந்தது வெறும் டெலிபோன். பேக்ஸ் மிஷினும் கிடையாது, அதில் சுற்றும் தாளும் கிடையாது. ஆனால் சம்பூரணத்தின் கம்ப்யூட்டரோ, கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரையில் பணிவாகத் தெரிவித்தது.

மறுநாள் காலையில் முட்டை பொறுக்கும் பூவாயி, மூன்றாவது வரிசைக் கூண்டுக்கு முன்னால் உருண்டு வந்து நின்ற வெள்ளை முட்டையை எடுத்தாள். அதன் வயிற்றைச் சுற்றிக் கறுப்பு எழுத்தில், 'வழியில் உடையும் முட்டைகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று அச்சடித்திருந்தது. பூவாயி அதை முந்தானையால் துடைத்துப் பார்த்தாள், எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள், போகாததால் தனியாக எடுத்து வைத்தாள். மத்தியானத்துக்குள் அப்படி முப்பது முட்டை சேர்ந்தன. முட்டை அடுக்கும் அட்டையில் முப்பது குழி. சம்பூரணம் அடிக்கும் பக்கத்தில் முப்பது வரி. இந்தப் பொருத்தத்தை யார் பார்த்து வைத்தார்கள் என்று கரட்டூரில் யாரும் விசாரிக்கவில்லை, பொருந்தியதே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

பொங்கியண்ணன் அட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கடைக்கு வந்தார்.

"ஏனுங் அம்மிணி, லெட்டர் என்ர கோழிக்கே வந்துருச்சுங்."

சம்பூரணம் முட்டைகளை வரிசையாகப் படித்தாள். "நம்பரை மாத்திப் போட்டுட்டேனுங்."

"போச்சாதுங், விடுங். எழுத்து முத்து முத்தா இருக்குது."

இரண்டாம் முறை பாலக்காட்டு நம்பருக்கே அனுப்பினாள். அங்கே மிஷின் இருந்ததால் கடிதம் சாதாரணத் தாளில் சாதாரணமாகப் போய்ச் சேர்ந்தது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு ஊர் இந்தக் காரியத்தைப் பழகிக்கொண்ட விதம்தான் சொல்லத் தகுந்தது. கால்நடை மருத்துவர் வந்து ஒரு கோழியைத் தூக்கிக் கண்ணைப் பார்த்து, அலகைப் பார்த்து, தீவனத்தில் கிளிஞ்சல் தூளைக் கொஞ்சம் கூட்டுங்கள், எழுத்து இன்னும் அழுத்தமாக விழும் என்று சொல்லிவிட்டுப் போனார். டெலிபோன் லைன்மேன் கம்பத்தில் ஏறி இறங்கி, லைன் சுத்தமாக இருக்கிறது, கோழியைப் பற்றி எங்களுக்கு உத்தரவு ஒன்றும் வரவில்லை என்றார். டெலிபோன் இருந்து மிஷின் இல்லாத வீட்டுக்கெல்லாம் வெளியூரில் இருப்பவர்கள் சம்பூரணம் கடைக்குப் போன் போட்டுக் கடிதம் சொல்ல ஆரம்பித்தார்கள். அவள் அடித்து அனுப்புவாள். சாயங்காலம் அனுப்பினால் விடிந்ததும் அந்த வீட்டுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் கோழிகள் ஆளுக்கு ஒரு வரியாக இட்டுவைக்கும். கோயில் குருக்கள் வீட்டில் டெலிபோன் உண்டு, கோழி கிடையாது. அதனால் அவர் கடிதங்கள் பக்கத்து வீட்டு நாட்டுக் கோழிகளிடம் வந்தன. பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் ஒவ்வொரு முட்டையாகத் தூக்கிக் காட்ட, குருக்கள் ஏழடி தள்ளி நின்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்துவிட்டு, "அடுத்தது காட்டுங்கோ," என்பார். நாட்டுக் கோழி முட்டை பழுப்பு நிறமாதலால் எழுத்துத் தெளிவில்லை என்பது ஒன்றுதான் அவருடைய குறை.

தபால்காரர் காதர் பாய் ஒருவர்தான் மனம் வருந்தினார். "ஏம்மா சம்பூரணம், முப்பது வருஷமா சைக்கிள் மிதிச்சேன். கடைசில என்னைக் கோழிகிட்ட தோக்க வெச்சுட்டியே?" என்றார். பிறகு, வரிசை தெரியாமல் குழம்பும் வீடுகளுக்குப் போய் முட்டைகளைச் சரியாக அடுக்கிப் படித்துக் காட்டும் வேலை தானாகவே அவரிடம் வந்து சேர்ந்தது. ஒரே வாரத்தில் வருத்தம் போய்விட்டது.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. முட்டையில் உறை கிடையாது. பொறுக்குகிறவள் படித்துவிடுவாள். மூன்றாவது வரிசை பொறுக்குகிறவளுக்கு நாலு வரி தெரியும், ஐந்தாவது வரிசை பொறுக்குகிறவளுக்கு ஆறு வரி தெரியும், இருவரும் தண்ணீர்த் தொட்டியருகே கை கழுவும்போது முழுக் கடிதமும் சேர்ந்துவிடும். அதனால் கரட்டூர்க்காரர்கள், ஊரே படித்தாலும் பாதகமில்லாத சங்கதிகளை மட்டுமே அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். ரகசியம் உள்ளவர்கள் உள்நாட்டுக் கடிதம் வாங்கி எச்சில் தொட்டு ஒட்டிக்கொண்டார்கள்.

இப்படி இருக்கையில் ஆவணி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், கடையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் பொங்கியண்ணன் வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஒரு லெட்டர் அடிக்கோணுமுங்."

"சொல்லுங்."

"அனுப்புநர் நானுங். பெறுநர் பேரை அப்பறம் சொல்றேன், எடம் விட்டு அடிங்."

அவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே சொல்ல, அவள் அடித்தாள். எனக்கு நாற்பத்தெட்டு வயது. நாலாயிரம் கோழி, ஒரு கிணறு, ஒரு அக்கா. வீட்டில் பேச்சுக் குறைவு. இந்த ஒன்பது மாதமாக நான் அனுப்பிய கடிதங்களில் பாதி அனுப்பத் தேவையில்லாதவை. கடைக்கு வரவேண்டும் என்பதற்காக அனுப்பினேன். வருகிற வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் அக்கா என்னை மொடக்குறிச்சிக்குப் பெண் பார்க்கக் கூட்டிப்போகிறார்கள். அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க எனக்குத் தெரியாது. அதற்கு முன்னால் தாங்கள் என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.

'தாங்கள்' என்ற இடத்தில் சம்பூரணத்தின் விரல் கொஞ்சம் தயங்கி, பிறகு மேலே போனது.

"நம்பருங்?" என்று கேட்டாள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

பொங்கியண்ணன் நம்பரைச் சொன்னார். அந்தக் கடையின் நம்பர்.

சம்பூரணம் அதையும் போட்டாள். பெட்டி மினுக்கியது, டயல் செய்தது, டொங் டொங் டொங் என்றது.

"எங்கேஜ்டுங்," என்றாள். "இதே லைன்ல இருந்து இதே லைனுக்குப் போகாதுங்."

"போகாட்டிப் போகுதுங்," என்று எழுந்தார் பொங்கியண்ணன். "படிச்சுட்டீங்கல்ல."

அவருடைய மொபெட் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும் சம்பூரணம் அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'வேண்டுகிறேன்' என்பதற்குப் பின்னால் முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தது, வைத்தாள். அவளுக்குப் பதில் தெரியும். திங்கட்கிழமை மத்தியானமே தெரியும். ஆனால் பண்ணைக்கு ஒரு பெண் தனியாகப் போய்ச் சொல்கிற வார்த்தையா அது? உள்நாட்டுக் கடிதம் போட்டால் மாராயி கையில்தான் முதலில் கிடைக்கும். "டைப் அடிக்கறவ சோறாக்குவாளா, இல்லை சோத்தையும் அடிச்சுத்தான் போடுவாளா?" என்று மாராயி சந்தையில் கேட்டது ஏற்கெனவே காதுக்கு வந்திருந்தது. மறைத்தாலும் ஊர் தெரிந்துகொள்ளும், மறைக்காவிட்டாலும் தெரிந்துகொள்ளும். அப்படியானால் கோழிகளே சொல்லட்டும் என்று முடிவு செய்ய அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

புதன்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து அடித்தாள். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவளுக்குத் தனக்கென்று எழுத வேறு நடை வரவில்லை. அனுப்புநர் நாலு வரி, பெறுநர் நாலு வரி. ஐயா. பொருள்: தங்கள் கேள்விக்குப் பதில் அளித்தல் தொடர்பாக. பார்வை: தாங்கள் நேரில் சொல்லிய கடிதம், நாள் திங்கட்கிழமை. மேற்படி பொருள் குறித்துத் தெரிவித்துக்கொள்வது யாதெனில் என்று தொடங்கி, தன் வயதைச் சொன்னாள், சமையலில் தனக்கு ரசம் மட்டுமே நன்றாக வரும் என்று சொன்னாள், ஞாயிற்றுக்கிழமையும் கடை திறப்பது தன் வழக்கம், அதை விடுவதற்கில்லை என்று சொன்னாள், கூடத்தில் இருக்கும் தங்கள் முதல் மனைவியின் படத்தை எக்காரணம் கொண்டும் எடுக்க வேண்டியதில்லை, நானே துடைத்து வைப்பேன் என்று சொன்னாள். ஆக, மேற்கண்ட காரணங்களை ஆராய்ந்து பார்த்ததில், என்று அடித்தபோது பக்கம் முடிந்துவிட்டது. அடுத்த பக்கத்தில் ஒரே ஒரு வரி விழுந்தது. அதை அவள் கவனித்தாள். ஒரு வரிதானே என்று விட்டுவிட்டு, பண்ணை நம்பரைப் போட்டு அனுப்பினாள். இரண்டு பக்கமும் போய்ச் சேர்ந்ததாகத் திரை சொன்னது.

வியாழக்கிழமை காலையில் பூவாயியும் மற்றவர்களும் முப்பது முட்டைகளைப் பொறுக்கி, காதர் பாயை வரவழைத்து அடுக்கினார்கள். பாய் உரக்கப் படித்தார். ரசம் வந்த இடத்தில் சிரித்தார்கள், படம் வந்த இடத்தில் பொங்கியண்ணன் வெளியே போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார், ஆராய்ந்து பார்த்ததில் என்று முப்பதாவது முட்டை முடிந்தது.

"பார்த்ததில்?" என்றாள் பூவாயி.

"அவ்வளவுதான். அட்டை முடிஞ்சு போச்சு," என்றார் காதர் பாய்.

மத்தியானப் பொறுக்கலில் முப்பத்தோராவது முட்டை வரவில்லை. சாயங்காலப் பொறுக்கலிலும் வரவில்லை. செய்தி கடைக்கு வந்தபோது சம்பூரணம் உடனே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி அனுப்பப் பார்த்தாள். டொங் டொங் டொங். சும்மாவே அடித்துக் காதைக் கிழிக்கிறது என்று மாராயி ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டிருந்தாள்.

"எங்கிட்ட சொல்லு தாயி, ஓடிப்போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்," என்றார் காதர் பாய்.

சம்பூரணம் யோசித்தாள். முப்பது வரி ஊர் வாயில் போய் வந்தாயிற்று. இந்த ஒன்றையும் இன்னொருவர் வாயில் கொடுக்க மனசு வரவில்லை. "இருக்கட்டும் பாய். கோழி போட்டுரும்," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடையைத் திறந்து நம்பரைப் போட்டாள். எங்கேஜ்டு. எட்டேகாலுக்குப் போட்டாள். எங்கேஜ்டு. எட்டரைக்கு, எதிரே நின்ற டவுன் பஸ் கிளம்புவதற்கு ஹாரன் அடித்தது. சம்பூரணம் கம்ப்யூட்டரை அணைக்காமல், கதவை மட்டும் பூட்டிவிட்டு ஓடிப்போய் ஏறினாள்.

பண்ணையில் வாடகைக் கார் வந்து நின்றுகொண்டிருந்தது. முன் சீட்டில் பூவும் பழமும் வைத்த தட்டு தயாராக இருந்தது. ஆனால் யாரும் காரருகே இல்லை. நாலாயிரம் கோழிகளில் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதும் இரண்டு நாளாக இட்டுப் பார்த்துவிட்டன, வரி வரவில்லை. ஆகவே அது கடைசிக் கூண்டில், இரண்டு மாதமாக ஒன்றுமே இடாமல் உட்கார்ந்திருக்கும் கிழட்டுக் கோழியின் வயிற்றில்தான் இருக்க வேண்டும் என்று பூவாயி கண்டுபிடித்துச் சொல்ல, பாதி ஊர் அந்தக் கோழியைச் சுற்றி நின்றது. பொங்கியண்ணன் சலவைச் சட்டையோடு அதற்கு எதிரே குந்தியிருந்தார்.

"மணி ஒம்பதாகுது," என்றாள் மாராயி. "கோழி போட்டாப் போடுது, போடாட்டிப் போகுது. ஒறம்பரை சனமெல்லாம் அங்க காத்துக் கெடக்கறாங்க. எந்திரிடா."

"சித்தெ நேரம் பொறு அக்கா," என்றார் பொங்கியண்ணன்.

சம்பூரணம் கூட்டத்தின் பின்னால் வந்து நின்று வழி கேட்டாள்.

"பின்னாலயே நில்லுங்க," என்றாள் பூவாயி, திரும்பிப் பார்க்காமல். "எல்லாருந்தான் பாக்கோணும். முக்கிட்டு இருக்குது, சத்தம் போடாதீங்க."

"நான் பாக்கறதுக்கு வரலை பூவாயி. சொல்றதுக்கு வந்தேன்."

அந்தக் குரலைக் கேட்டு முதலில் காதர் பாய் திரும்பினார், பிறகு பூவாயி திரும்பினாள், பிறகு வரிசையாக எல்லாத் தலையும் திரும்பின, கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. கூண்டு வரைக்கும் வழி கிடைத்தது. பொங்கியண்ணன் எழுந்து நின்றார். சம்பூரணம் அவர் எதிரே போய் நின்றாள். பழக்கம்தான் கைகொடுத்தது.

"மேற்கண்ட காரணங்களை ஆராய்ந்து பார்த்ததில்," என்று தொடங்கினாள், நின்றாள், மூச்சு விட்டாள். "எனக்குச் சம்மதமுங்."

"அப்படீங்களா," என்றார் பொங்கியண்ணன்.

"ஆமாங்."

அதோடு கிழட்டுக் கோழி எழுந்து, சிறகை ஒரு தரம் உதறி, கொக்கரித்தது. ஒரு முட்டை சரிந்து உருண்டு கூண்டின் விளிம்பில் வந்து நின்றது. மாராயி எல்லாரையும் முந்திக்கொண்டு அதை எடுத்தாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"ஒண்ணுமே எழுதலையே!" என்றாள் பூவாயி.

"எழுதறதுக்கு மிச்சம் என்ன இருக்குது? அதுதான் ஊரே நின்னு கேட்டாச்சே," என்றாள் மாராயி. பிறகு சம்பூரணத்தை மேலும் கீழும் பார்த்தாள். "ஏம்மிணி, நெசமாலுமே ரசம் மட்டுந்தான் வருமா?"

"ஆமாங்கக்கா."

"சரி. கொழம்பு எங்கிட்டயே இருக்கட்டும். அதை நான் ஒருத்திக்கும் விட்டுக் குடுக்கறதா இல்லை." இப்படிச் சொன்னபோது அவள் குரல் லேசாக நடுங்கியதைச் சம்பூரணம் கவனித்தாள்.

"விட்டுக் குடுக்காதீங்கக்கா," என்றாள்.

மாராயி அந்த முட்டையை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். பிறகு உள்ளே போய், இரண்டு நாளாகக் கீழே கிடந்த ரிசீவரை எடுத்து மேலே வைத்து, உடனே மொடக்குறிச்சிக்குப் போன் போட்டுச் சத்தமாக ஏதேதோ காரணம் சொல்லத் தொடங்கினாள்.

வாடகைக் கார் சும்மா திரும்ப வேண்டாமென்று சம்பூரணத்தை அதில் ஏற்றி அனுப்பினார்கள். கடையில் ஆள் காத்திருக்கும். தட்டை மடியில் வாங்கிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். பாதி வழியில் டிரைவர் அவளுடைய மூடிய கையைப் பார்த்தார்.

"முட்டைங்களா?"

"ஆமாங்."

"என்ன போட்டிருக்குதுங்?"

"ஒண்ணும் போடலை."

"அப்பறம் யாருக்குன்னு எப்படித் தெரியுமுங்?"

சம்பூரணம் கையை விரித்துப் பார்த்தாள். முட்டை இன்னும் சூடாக இருந்தது.

"எனக்குத்தானுங்," என்றாள்.

டிரைவர் தலையை ஆட்டிக்கொண்டு, முன்னால் வந்த பள்ளத்தில் வண்டியை ரொம்ப மெதுவாக இறக்கினார்.